அம்சவள்ளியின் மத்தியானத் தூக்கம்

எங்கள் தெருவில் ரோஜாக் குச்சியைக் கேட்டு வாங்கி நட்டால் வேர் விடாது. அவர்களாகக் கூப்பிட்டுக் கொடுத்தாலும் விடாது. திருடிக்கொண்டு போய் நட்டால்தான் விடும். இதற்கு விவசாயம் படித்தவர்கள் என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது, நான் கேட்கப் போவதும் இல்லை. திண்டிவனத்தில் ஏரிக்குக் கீழே இருக்கும் எங்கள் தெருவுக்கு இது சட்டம். எடுத்தவள் எடுத்தேன் என்று வாய் திறக்கக் கூடாது. பறிகொடுத்தவள் யார் எடுத்தது என்று விசாரிக்கக் கூடாது. பேச்சு வெளியே வந்துவிட்டால் வேர் விட்ட செடியும் கருகிவிடும் என்பார்கள்.

நான் இதையெல்லாம் அவ்வளவாக நம்புகிறவள் இல்லை. என் கை பட்டால் துளசிகூடத் தலை சாய்த்துவிடும் என்பதால் எனக்குச் செடி வளர்க்கிற ஆசையும் கிடையாது. ஆனால் என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே அம்சவள்ளி அக்கா வீட்டு கேட். அதனால் இந்தத் தெருவில் யார் வீட்டு ரோஜா யார் வீட்டிலிருந்து போனது என்பது என்னைத் தவிர யாருக்கும் முழுசாகத் தெரியாது.

அம்சவள்ளி அக்கா தெருமுனையில் மாவு மில் வைத்திருக்கிறாள். காலையில் போகும்போது மாநிறமாகப் போவாள், மத்தியானம் வரும்போது புருவம் உட்பட வெள்ளையாக வருவாள். மிளகாய் அரைக்கிற நாளில் அவள் கிட்டே யாரும் போக மாட்டார்கள். மற்ற நாளிலும் யோசித்துத்தான் போவார்கள், வாய் அப்படி. மாவு மில்காரர்கள் என்றாலே ஒரு பிடி மாவை மெஷினுக்குள் நிறுத்திக்கொள்வார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு தன் மேல் வந்துவிடக் கூடாது என்பதில் அக்காவுக்கு ஒரு வெறியே இருந்தது. அரைத்து முடித்ததும் மரக்கட்டையால் மெஷினைத் தட்டோ தட்டென்று தட்டி, கடைசித் தூசு வரை வந்தவர்களுடைய டின்னில் விழ வைப்பாள். "பாத்துக்கோ, உன் கேப்பை மாவு ஒரு பொட்டு இங்க நிக்கல" என்று மெஷினின் வாயைத் திறந்தும் காட்டுவாள். யாரும் கேட்காமலேயே காட்டுவாள்.

அந்தக் கையெல்லாம் முள் கீறல்தான். அவள் வீட்டு முன்னால் இருக்கிற கொஞ்ச இடத்தில் ரோஜா தவிர வேறு எதுவும் கிடையாது. தரையில் பாதி, பெயிண்ட் வாளிகளில் பாதி. டீக்கடையிலிருந்து வடிகட்டின தூள், பரோட்டாக் கடையிலிருந்து முட்டை ஓடு எல்லாம் அவளுக்குத்தான் வரும். அவள் கணவர் சீனுவாசன் அண்ணன் அரசுப் பேருந்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனுஷன் பேப்பர் படிக்கலாம் என்று உட்கார்ந்தால், முட்டை ஓட்டை இடித்துக் கொடுக்கிற வேலை அவர் தலையில் விழுந்தது.

அக்காவுக்கு ஒவ்வொரு ரோஜாவைப் பற்றியும் ஒரு தீர்ப்பு உண்டு. ஓசூரிலிருந்து வேனில் வருகிற ஒட்டு ரோஜாக்களை ஆசை ஆசையாக வாங்குவாள், வாங்கிய கையோடு திட்டவும் செய்வாள். நீளக் காம்பு, காம்புக்கு ஒரே மொட்டு, உள்ளங்கை அளவுக்குப் பூ. மஞ்சளில் சிவப்பு ஓரம் போட்டது ஒன்று, காப்பித்தூள் நிறத்தில் ஒன்று, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று. முகர்ந்தால் சிலதில் வாசனையே இருக்காது. "சம்பந்தி வூட்டுக்காரங்க மாதிரி. பாக்க நல்லாக்கீறாங்க, ஒரு நாள் கவனிக்கலன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிறாங்க" என்பாள். இலையில் கரும்புள்ளி வந்தால் முதலில் ஒட்டுக்குத்தான் வரும். நாலைந்து வருஷத்தில் களைத்துப் போவதும் அதுதான்.

பட்டன் ரோஜா அப்படியில்லை. சட்டைப் பொத்தான் அளவுதான் பூ, ஆனால் வருஷம் முழுக்க ஓயாமல் பூக்கும், வெயிலோ மழையோ ஒரு முணுமுணுப்பு கிடையாது. கொத்து ரோஜா ஒரு கிளையில் பத்துப் பூவாகச் சேர்ந்து வந்து சேர்ந்தே உதிரும். கொடி ரோஜா மாடிப்படிக் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டு, தை மாசியில் ஒரே மூச்சாகப் பூத்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் வருகிறவர்கள் புடவையைப் பிடித்து இழுக்கிற வேலையை மட்டும் பார்க்கும். மார்க்கெட்டில் மாலைக்குப் போகிற சிவப்பு ஆந்திரா ரோஸை மட்டும் அவள் சேர்க்கவே மாட்டாள். மூன்று நாள் வாடாமல் இருக்கிற பூவை நம்ப முடியாது என்பது அவள் கட்சி.

இவ்வளவு பேர் இருந்தும் அவள் உயிர் பன்னீர் ரோஜா மேல்தான். அழகென்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. வெளிர் சிவப்பு, ஒழுங்கில்லாமல் கலைந்த இதழ்கள், உடம்பெல்லாம் முள். காலையில் பூத்தால் மத்தியானம் பறிக்கப் போகும்போது கையோடு உதிரும். ஆனால் அந்த வாசனை, எதிர் வீட்டில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கும் எனக்குக்கூட வந்து சேரும். அவள் இந்த வீட்டுக்கு வாழ வரும்போதே இருந்த செடி, கேட்டுக்குப் பக்கத்து மூலையில் ஆள் உயரத்துக்குப் புதராக நின்றது.

மத்தியானம் இரண்டு மணிக்கு மில்லை மூடிவிட்டு வந்து சாப்பிடுவாள். பிறகு கூடத்தில் பாய் விரித்து, வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு, கண்ணை மூடிப் படுத்துக்கொள்வாள். கேட்டும் தாழ் போட்டிருக்காது. தெருவுக்கே தெரியும், அதுதான் குச்சி திருடுகிற நேரம் என்று. முதலில் ஆட்கள் கையால் முறித்துக்கொண்டு ஓடினார்கள். பட்டை உரிந்து செடி புண்ணாகியது. அக்கா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, சட்டம் இருக்கிறதே. ஆனால் ஒரு நாள் கேட் தூணில் ஆணி அடித்து, செடி வெட்டுகிற கத்தரியை அதில் மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு எல்லோரும் சுத்தமாக வெட்டிக்கொண்டு, கத்தரியைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்கள்.

ஆரோக்கியசெல்வி இந்தத் தெருவின் மேட்டுப் பக்கத்துக்குப் புதிதாகக் குடி வந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எப்போதும் நைட் டூட்டி. தெருவின் வழக்கத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு மத்தியானம் பூனை மாதிரி உள்ளே வந்து, கத்தரியை எடுத்துக்கொண்டு, நேராகப் போய் அந்த மஞ்சள் சிவப்பு ஒட்டு ரோஜாவில் கை வைத்தாள். நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூடத்துக்குள்ளிருந்து, கண் மூடிப் படுத்திருந்த அக்காவின் குரல் வந்தது.

"அது ஒட்டு. குச்சி நட்டா உருப்படியா வராது. மூலைல பன்னீரு கீது பாரு, அதுல எடு."

ஆரோக்கியசெல்வி கத்தரியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஓடுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டுத் தடுமாறிப் பன்னீர்ப் புதர்ப் பக்கம் நகர்ந்தாள்.

"முத்துனத எடுக்காத, வேர் உடாது. பென்சில் கனத்துல பாத்து எடு."

"சரிங்கக்கா" என்று இவள் சொல்லித் தொலைத்தாள்.

"பதில் சொல்லாத. நான் தூங்கிக்கினு இருக்கேன்."

நான் அன்று தைத்த ஜாக்கெட்டில் கையைக் குறுக்காக வைத்துத் தைத்துவிட்டேன், அவ்வளவு சிரிப்பு.

போன வருஷம் அக்காவின் ஒரே மகள் கலைப்பிரியா உண்டானாள். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு மசக்கை சாதாரணமாக வரவில்லை. சோறு கொதிக்கிற வாசனை, சோப்பு வாசனை, புருஷன் தலைக்கு வைக்கிற எண்ணெய் எல்லாவற்றுக்கும் வாந்தி. ஒரு தடவை சீனுவாசன் அண்ணன் பார்க்கப் போனபோது, அக்கா கொடுத்தனுப்பிய பன்னீர் ரோஜா நாலைந்தை மூக்கோடு அழுத்திக்கொண்டு அவள் ஒரு தட்டு சோறு சாப்பிட்டாளாம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் பூப் பொட்டலத்தோடு விழுப்புரம் பஸ் ஏறினார். பூ நசுங்காமல் இருக்க, டிபன் பாக்ஸில் ஈரத் துணி விரித்து அதற்குள் வைத்துக் கொண்டுபோவார். மகள் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தை மாசம் வளைகாப்புக்குத் தலையில் வேறு பூ வேண்டாம், நம்ம வீட்டுப் பன்னீரைத்தான் வைக்க வேண்டும்.

"வேற எந்தப் பூவ வெச்சாலும் மணையில உக்காந்துக்கினே வாந்தி எடுத்துருவேம்மா" என்றாளாம்.

"புதரே உனுக்குத்தான்டி நிக்குது" என்று அக்கா சொன்னது என் காது படத்தான்.

கார்த்திகையில் புயல் வந்தது. மழை ஒரு நாள் முழுக்கக் கொட்டி, ஏரி நிரம்பி, எங்கள் தெருவின் பள்ளப் பக்கம் முழுக்க முழங்காலுக்கு மேல் தண்ணீர். மேட்டுப் பக்கம் மட்டும் தப்பித்தது. என் மெஷினைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு நாங்கள் சொந்தக்காரர் வீட்டில் கிடந்தோம். வடிந்து திரும்பி வந்து ஜன்னலைத் திறந்தபோது, எதிரில் தண்ணீர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ரோஜா எதையும் தாங்கும், வேரில் தண்ணீர் நிற்பதை மட்டும் தாங்காது. இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாகக் கொட்டின. பிறகு தண்டு கறுத்தது. பன்னீர்ப் புதரை அக்கா பிடித்து இழுத்தபோது அது எதிர்ப்பே காட்டாமல் கையோடு வந்தது. வேர் கூழாகியிருந்தது. அவள் அதைப் பிடித்தபடி சேற்றில் நின்றதைப் பார்த்து, நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். பார்க்க முடியவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து சீனுவாசன் அண்ணன் சந்தோஷமாகக் கூப்பிட்டார். "அம்சா, ஜல்தி வா. ஒண்ணு துளுத்துகினு வருது."

காப்பித்தூள் நிற ஒட்டு ரோஜாவின் அடியில் இரண்டு துளிர் செழிப்பாக வந்திருந்தது. அக்கா குனிந்து இலையை எண்ணினாள்.

"இது அடிக்கட்டை துளுரு. ஒட்டுக்குக் கீழ வந்துகீது பாருங்க, காம்புக்கு ஏழு இலை, ஒட்டுன்னா அஞ்சுதான் இருக்கும். மேல இருந்தது செத்துப்போச்சி. இத உட்டா முள்ளுதான் மண்டும்" என்று சொல்லிவிட்டுக் கிள்ளிப் போட்டாள். அன்று தூணிலிருந்த கத்தரியை எடுத்து உள்ளே வைத்தாள். கேட்டைத் தாழ் போட்டாள். மத்தியானத்தில் நிஜமாகவே தூங்க ஆரம்பித்தாள்.

மகளிடம் உண்மையைச் சொல்லவில்லை. "பொழச்சிக்கும், பொழச்சிக்கும்" என்றே போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் கடைக்குப் போய்ப் பன்னீர் ரோஜா வாங்கிப் பார்த்தார். முந்தின நாள் பறித்து ஐஸ் பெட்டியில் கிடந்த பூ. கலைப்பிரியா முகர்ந்துவிட்டு, எழுந்து குழாயடிக்கு ஓடினாளாம். அதோடு அவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் பூவைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்காததுதான் அக்காவுக்குப் பெரிய வேதனையாக இருந்தது. கேப்பை அரைக்கக் கொடுத்தவளுக்குக் கோதுமை மாவைக் கொடுத்து அனுப்பினாள். யாரையும் திட்டவில்லை. அக்கா திட்டாமல் இருந்ததில் தெருவே பயந்துபோனது.

எனக்கு வயிற்றெரிச்சல். மேட்டுப் பக்கத்தில் அத்தனை வீட்டிலும் அவள் பன்னீர் நிற்கிறது. ஆரோக்கியசெல்வி வீட்டில் அது மாதா படத்துக்குப் போக மிச்சமும் பூக்கிறது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொல்லிவிட்டால் அதெல்லாம் கருகிவிடும் என்கிறார்களே. நான் நம்பாதவள்தான், ஆனால் ஊரில் மிச்சமிருக்கிற பன்னீரையெல்லாம் பணயம் வைக்கிற அளவுக்குத் துணிச்சல்காரி இல்லை. மேட்டுப் பக்கத்துக்காரர்களுக்கும் அதே பேஜாருதான். அவள் செடி செத்தது தெரியும், தங்களிடம் இருக்கிறது, வாயைத் திறக்க முடியாது. கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது.

வளைகாப்பு ஜாக்கெட்டெல்லாம் என்னிடம்தான் தைக்க வந்திருந்தது. அதைக் கொடுக்கப் போகிற சாக்கில் மேட்டுப் பக்கத்தில் வீடு வீடாக ஏறினேன். பன்னீர் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"சீர்த்தட்டுல கடைப் பூவ வெக்காதீங்க. உங்க வூட்ல இன்னா பூத்துதோ அத வெச்சா போதும்" என்று மட்டும் சொன்னேன்.

ஆரோக்கியசெல்வி ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே, "எங்க வூட்ல இன்னா பூக்குதுன்னு உனுக்குத் தெரியுமா அருணாக்கா?" என்றாள்.

"எனுக்கு எப்பிடித் தெரியும்? நான் ஜாக்கெட் தைக்கிறவ" என்றேன். அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டாள்.

வளைகாப்பு அக்கா வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. கலைப்பிரியா மணையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ இல்லை. வெறும் பின்னலோடு வளைகாப்புக்கு உட்கார்ந்த பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன். முதல் தட்டு உள்ளே வந்தது. வளையல், மஞ்சள், ஆரஞ்சு, அதற்கு மேல் ஒரு கைப்பிடி பன்னீர் ரோஜா. அடுத்த தட்டிலும் அதுவே. அதற்கடுத்த தட்டிலும். தட்டுகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. கலைப்பிரியா தட்டுகளைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டு, "அம்மா, நம்ம பன்னீரும்மா" என்றாள்.

அக்கா ஒரு பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா, பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா. ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள். எல்லோரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டுப் பூ என்று கேட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். கேட்கவில்லை. உட்கார்ந்து மகளின் பின்னல் முழுக்கப் பூவை வைத்துத் தைத்தாள். மத்தியானத்துக்குள் பாதி உதிர்ந்து கூடமெல்லாம் இதழாகக் கிடந்தது. சாயங்காலம் வரை யாரையும் பெருக்க விடவில்லை.

மறுநாளே அவள் குச்சி எடுக்க மேட்டுப் பக்கம் போவாள் என்று நான் ஜன்னலில் காத்திருந்தேன். போகவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரம் போயிற்று. பிரசவத்துக்கு வந்திருந்த கலைப்பிரியாதான் என்னிடம் வந்து புலம்பினாள். "போம்மான்னா போவ மாட்டேங்குது. மாவு மில்லுக்காரி கை நீட்டினான்னு பேரு வரணுமாடின்னு கேக்குது. குச்சிதானம்மான்னா, குச்சின்னா இன்னா மாவுன்னா இன்னாங்குது." எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரே தன்னிடம் திருடிக்கொள்ளட்டும் என்று படுத்திருந்தவள், தன் வாழ்நாளில் ஒரு குச்சிகூட யாரிடமும் எடுத்தவள் இல்லை.

மாசியில் ஒரு நாள், இரண்டு மணிக்கு மில்லை மூடிவிட்டு, மூஞ்சியைக்கூடக் கழுவாமல் மாவோடு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஆரோக்கியசெல்வி இந்நேரத்துக்குத் தூங்குவாளா?"

"நைட் டூட்டிக்கா. தூங்குவா."

"சும்மாதான் கேட்டேன்" என்றாள். போகாமல் நின்றாள். "அவளுக்கு ஜாக்கெட்டு ஏதாச்சும் குடுக்கணுமா?"

கொடுக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு பையை எடுத்துக்கொண்டு நான் கூடப் போனேன். ஆரோக்கியசெல்வி வீட்டு கேட் தாழ் போடாமல் இருந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. கேட் தூணில் ஓர் ஆணி. அதில் ஒரு புதுக் கத்தரி, கடை ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. வளைகாப்பு முடிந்ததிலிருந்தே அது அங்கே தொங்குகிறது என்பது எனக்குத் தெரியும். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு எடுத்தாள்.

பன்னீர் செழித்து நின்றது. எத்தனையோ ஆயிரம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த அக்காவின் கை, எது நல்ல குச்சி என்று தெரியாத மாதிரி, பெருவிரல் தடிமனில் இருந்த ஒன்றில் போய்க் கத்தரியை வைத்தது. அப்போது உள்ளேயிருந்து தூக்கக் கலக்கமே இல்லாத ஒரு குரல் வந்தது.

"அது முத்துனதுக்கா, வேர் உடாது. பக்கத்துல பென்சில் கனத்துல ஒண்ணு கீது பாரு. அத எடு."

அக்கா அசையாமல் நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்து மாவுப் பூச்சில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. பென்சில் கனத்தில் இருந்ததைப் பார்த்துச் சாய்வாக வெட்டினாள். கத்தரியை ஆணியில் மாட்டினாள். கேட்டைத் தாண்டியதும்தான் அவளுக்கு வாய் திரும்பி வந்தது.

"தூங்கறவ பேசாம தூங்க மாட்டியாடி" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். புயலுக்கப்புறம் அவள் ஒருத்தியைத் திட்டி அன்றுதான் கேட்டேன்.

குச்சியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். வழியில் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்திருந்தன, உள்ளே எல்லோரும் அந்த மத்தியானத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து, மண்ணை மேடாகக் குவித்து, அதன் உச்சியில் குச்சியை நட்டாள். உள்ளே போய்க் கத்தரியைத் தேடி எடுத்து வந்து தூணில் மாட்டினாள். அப்புறம் பாய் விரித்தாள்.

அந்த வாசலில் திருடிக்கொண்டு போக ஒன்றுமே இல்லை. இலையில்லாத ஒரே ஒரு குச்சிதான் நின்றது. ஆனாலும் கேட்டைத் தாழ் போடாமல் விட்டுவிட்டுத்தான் அக்கா படுத்தாள்.